இரண்டு வீட்டு லயம்

அத்தியாயம் 9

போன வாரம் ஜெயஷீலாவைக் கைதட்டலுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். பாவம், இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே விட்டிருக்கலாம்.

தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஷீலா பொன்முடி எஸ்டேட்டில், பள்ளிக்கூட லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில் வளர்ந்தவள். அப்பா அம்மா போய்விட்டார்கள். அண்ணன் ஆன்சன் டிராக்டர் ஓட்டியும் அவன் மனைவி ராகேல் மைனி தேயிலைக் கொழுந்து பறித்தும் அவளைப் படிக்க வைத்தார்கள். அவர்களுக்கென்று பிள்ளை இல்லை. இருந்த ஒரே பிள்ளை இவள்தான்.

இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு பொதுச் சுகாதார நிறுவனத்தில் ஒரு வருஷப் பயிற்சியில் இருக்கிறாள். மலை லயம், கடற்கரைக் குடிசை, காட்டு ஊர் என்று இதுவரை யாரோ வந்து எண்ணிவிட்டுப் போன இடங்களிலிருந்து பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, நோயையும் காயத்தையும் சாவையும் நீங்களே எண்ணுங்கள், எண்ணியதை நீங்களே படியுங்கள் என்று கற்றுத்தருகிற பயிற்சி.

வியாழக்கிழமை நடந்த கண்காட்சியில் ஷீலாவின் சார்ட்டுக்கு முன்னால்தான் கூட்டம். கடந்த ஒரு வருஷத்தில் புருஷனிடம் அடிபட்ட பெண்கள் எத்தனை பேர், எஸ்டேட்டின் ஒவ்வொரு லயத்திலும். அதுதான் சார்ட். எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த யூனியன் தலைவர் அதைப் போனில் படம் பிடித்து, ‘நம்ம பிள்ளை’ என்று எழுதி எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மனிதருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பெருமை தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

அன்று மத்தியானம் சுகாதாரத் துறை அதிகாரிகள் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் ஷீலா எழுந்து நின்று பேச வேண்டும். காலையிலேயே சுடிதாரை இஸ்திரி போட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று மலையாளத்தில் ஒருதரம், ஆங்கிலத்தில் ஒருதரம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. யாரோ ஆட்டோக்காரர். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார், தலையில் ரத்தம், இந்த நம்பரை மட்டும் சொல்கிறார், சீக்கிரம் வாருங்கள் என்றார்.

கூடப் படிக்கிற அபிலாஷ் பைக்கை எடுத்தான். விழிஞ்ஞத்து மீனவர் வீட்டுப் பையன். கேள்வி கேட்காமல் வண்டியை எடுக்கிற ரகம்.

ராகேல் ஸ்டாண்டில் ஒரு தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் சுற்றியிருந்த துண்டு ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துக் காய்ந்திருந்தது. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். உதடு வீங்கி, முகம் வேறு யாருடைய முகமோ போல இருந்தது. சுற்றி நின்றவர்கள் பார்ப்பதும் பஸ் வந்ததும் ஏறிப் போவதுமாக இருந்தார்கள்.

“மைனி!”

“ஒண்ணும் இல்ல மக்ளே. விழுந்துட்டேன்.”

“எங்கே விழுந்தீங்க? அண்ணன் எங்கே? தனியாவா வந்தீங்க இந்த நெலமையில?”

“மொத பஸ்ஸுல ஏறிட்டேன். அழாத. ஆளுங்க பாக்காங்கல்லா.”

அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் உடைந்த கையோடு இறங்கி வந்தவள், ஷீலா அழுவதைப் பற்றிக் கவலைப்பட்டாள். ராகேல் அப்படித்தான்.

“சேச்சி, பைய எழுந்திரிங்க. ஆட்டோ நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகாம்,” என்றான் அபிலாஷ்.

ஆஸ்பத்திரியில் தலையில் தையல் போட்டார்கள். கையை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிந்திருக்கிறது என்று முழங்கைக்கு மேலே வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டர் சின்னப் பெண், ஷீலாவைவிட ஒன்றிரண்டு வயசுதான் கூட இருக்கும். எழுதிக்கொண்டே கேட்டாள்:

“எப்படி ஆச்சு?”

“படியில விழுந்துட்டேன்,” என்றாள் ராகேல், சட்டென்று. ரொம்ப நாளாகப் பழகின பதில் மாதிரி வந்தது.

டாக்டர் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். “வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? போலீசுக்குத் தெரிவிக்கலாம்.”

“வேண்டாம், வேண்டாம். படிதான்.”

எஸ்டேட்டில் எங்கே படி உண்டு என்று ஷீலாவுக்குத் தெரியும். மேல் லயத்தில் படி உண்டு. கீழ் லயத்தில் வீட்டுக்கு வீடு படி உண்டு. பள்ளிக்கூட லயம் பழைய பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானத்தில் கட்டியது, வெறும் சமதரை. பள்ளிக்கூடத்தை மூடி, மற்ற வீடுகள் இடிந்து, இப்போது ஆள் இருப்பது இரண்டே வீடு. ஒன்று ஆன்சன் வீடு. மற்றது சிவதாணு, செல்வமணி வீடு.

டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனதும் ஷீலா மெதுவாகக் கேட்டாள்.

“மைனி, நம்ம வீட்டுல ஏது படி?”

ராகேல் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணனா?”

“நீ பெரிய பரீட்சைக்கெல்லாம் இருக்கே. இதெல்லாம் ஒனக்கு என்னத்துக்கு?”

“அண்ணனா மைனி?”

“பின்ன யாரு,” என்றாள் ராகேல்.

இந்த இடத்தில் ஷீலாவைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அடிக்கிற புருஷனை அவள் பார்த்ததே இல்லை என்பதில்லை. சிவதாணு அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். அந்த ஆள் குடித்துவிட்டு வந்து, செல்வமணியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, ஊர் பார்க்க அடிப்பார். சின்ன வயசில் ஷீலா காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடப்பாள். ஆன்சன்தான் ஓடிப்போய் விலக்கிவிடுவான். அந்த ஆன்சன்தான் இவள் கண்ணில் அண்ணன்.

“எப்பேர்ந்து?”

“நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பெறவு. நீ வீட்டுல இருந்த வரைக்கும் கை ஓங்கமாட்டாரு. லீவுக்கு நீ எப்ப வருவேன்னு இருப்பேன் மக்ளே. நீ வந்தா எனக்கும் லீவு.”

ஷீலா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ராகேல் நிறுத்தவில்லை. ஒருதடவை திறந்துவிட்ட வாய்.

“அன்னிக்கு ஒங்கூடப் படிக்கிற அந்தப் பிந்து வந்தாள்லா, கேள்வி கேக்க. ஒருத்தரும் கூட இருக்கக்கூடாது, கதவைச் சாத்துங்கன்னா. புருஷன் அடிச்சிருக்காரான்னு கேட்டா. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் அப்படிக் கேக்கல. பேரு எங்கேயும் வராதுன்னு சொன்னா. ஆமான்னு சொல்லிட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “பேரு வரலதான். பேரு மட்டுந்தான் வரல.”

ஷீலாவால் மைனியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விஷயம் இதுதான்.

சொந்த லயத்தில் சொந்தக்காரர்களிடம் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பது பயிற்சியின் விதி. அதனால் பள்ளிக்கூட லயத்துக்குப் பிந்து போனாள். பெயர்களை எடுத்துவிட்டு, லயத்தின் பெயரை மட்டும் வைத்துத்தான் ஷீலாவிடம் டேட்டா வந்தது. எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் நம்பர் போடக்கூடாது, நட்சத்திரம்தான் போட வேண்டும் என்பது இன்னொரு விதி. சின்ன எண்ணைக் காட்டினால் ஆளைக் காட்டிய மாதிரி. டீச்சர் திவ்யலட்சுமி இதை வகுப்பில் தொண்டை கட்டக் கட்டச் சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டரே அந்த நட்சத்திரத்தைப் போட்டும் கொடுத்தது.

ஷீலாதான் அதை எடுத்தாள்.

தெரியாமல் எடுக்கவில்லை. எஸ்டேட் ரோட்டுக்குத் தார் போட்டபோது பள்ளிக்கூட லயத்து வளைவோடு நிறுத்திக்கொண்டார்கள், இரண்டு வீட்டுக்காக எதற்கென்று. தண்ணீர்க் குழாய் வந்தபோதும் அதே பதில். தடுப்பூசி போட வந்தவர்கள்கூட அங்கே எட்டிப் பார்க்காமல் போனார்கள். கடைசியில் தானே உட்கார்ந்து தன் கையால் சார்ட் வரையும்போதும் தன் லயத்துக்கு ஒரு நட்சத்திரமா? அவளுக்குப் பொறுக்கவில்லை. ‘பள்ளிக்கூட லயம்: இரண்டு வீட்டில் ஒன்று’ என்று அடித்தாள். அந்த ஒன்று செல்வமணி அக்காதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்கே தெரிந்த அடி, புதிதாக யாருக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

“நான் செல்வமணி அக்கான்னு நெனச்சேன் மைனி.”

“எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. நேத்து சாயங்காலம் டீக்கடையில சிவதாணு அண்ணாச்சியைப் போட்டு ஓட்டியிருக்கானுவ, ஒங்க அண்ணனும் சேந்து சிரிச்சிருக்காரு. அண்ணாச்சிக்கு வெறி பிடிச்சுப் போச்சு. செல்வமணியை முடியைப் பிடிச்சுக் கடைக்கே இழுத்துட்டு வந்துட்டாரு. அவ எல்லாரு முன்னாலயும், நான் இல்லன்னுதான் சொன்னேன், சுடலைமாடன் மேல சத்தியம்னு சொல்லிட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. கடையில இருந்தவனெல்லாம் திரும்பி ஒங்க அண்ணனைப் பாத்திருக்கான்.”

ஆன்சன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதையும், டிராக்டர் ஜாக்கியின் கம்பியைக் கையில் எடுத்ததையும், தடுக்கப்போன இடது கை என்ன சத்தம் போட்டது என்பதையும் ராகேல் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். விடியும்வரை அவள் அடுப்படியில் கிடந்திருக்கிறாள். அவன் உள்ளே தூங்கியிருக்கிறான்.

ஷீலா வராந்தாவுக்கு வந்து திவ்யலட்சுமிக்குப் போன் போட்டாள். அழுது, திணறி, எல்லாவற்றையும் சொன்னாள்.

திவ்யலட்சுமி கேட்டது ஒன்றுதான். “நட்சத்திரத்தை ஏன் எடுத்தே ஷீலா?”

“எங்க லயத்துக்கும் ஒரு நம்பர் இருக்கட்டும்னு டீச்சர்.”

திவ்யலட்சுமி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். “பாஸ் பண்ணினது நான். கலரு நல்லா இருக்கு, எழுத்து பெருசா இருக்குன்னு பாத்தேனே தவிர, நம்பரைப் பாக்கல. சரி, மைனியை ஒன் ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டு வா. மொதல்ல அந்தச் சார்ட்டைக் கழட்டு. நான் பத்து நிமிஷத்துல வந்துடறேன்.”

கண்காட்சி முடிந்தும் கருத்தரங்குக் கூடத்தில் சார்ட்டுகளை யாரும் கழற்றவில்லை. அதிகாரிகள் பார்க்கட்டும் என்று விட்டிருந்தார்கள். ராகேலைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஷீலா உள்ளே நுழைந்தபோது, அவளுடைய சார்ட்டுக்கு முன்னால் ஒருத்தன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த முதுகில் உப்புமூட்டை ஏறித்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள்.

ஆன்சன் திரும்பினான். ராகேலைப் பார்த்தான், பார்க்காதது போல விட்டான். கையிலிருந்த எண்ணெய் ஊறின பொட்டலத்தை ஷீலாவிடம் நீட்டினான்.

“பழம்பொரி. விதுராவுல வாங்கினது. சூடு ஆறிட்டு, தின்னு.”

எப்போது இறங்கி வந்தாலும் மலையடிவாரத்து விதுராவில் நிறுத்தி, அந்த வாழைப்பழ பஜ்ஜியை அவளுக்காக வாங்கி வருவான். ஷீலா கையை நீட்டவில்லை.

“மைனியை ஏண்ணே அடிச்ச?”

“அடிச்சேன்னு அவ சொன்னாளா?”

“விழுந்துட்டேன்னு சொன்னாங்க.”

“பின்ன என்ன? விழுந்திருப்பா.” பொட்டலத்தை நாற்காலியில் வைத்தான். “ஷீலா, நான் சண்டைக்கு வரல. ஆபீசருங்க வாராங்கன்னு குரூப்புல போட்டிருக்கு. அவங்க வரட்டும். அதுக்கு மின்ன நீ எனக்கு ஒண்ணு செய்யணும். இது தப்பான நம்பர்னு சொல்லணும். பள்ளிக்கூட லயத்துல யாரும் யாரையும் அடிக்கல, நான்தான் கம்ப்யூட்டருல தப்பா அடிச்சிட்டேன்னு ஒரு வாய்ஸ் சொல்லிரு. குரூப்புல போட்டுடலாம். பெறவு இவ வீட்டுக்கு வரலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“சொல்லாட்டி?”

“ஏட்டி, எஸ்டேட்டுல என் பேரு இப்ப ‘ரெண்டுல ஒண்ணு’. டிராக்டர் போறப்ப பயலுவ விசில் அடிக்கான். ஒன்னைப் படிக்க வச்ச கைலா இது? மழையிலயும் குளிருலயும் டிராக்டர் வளையம் பிடிச்ச கை. அதுக்கு நீ செஞ்சது இதா?”

“மைனி கையை ஒடிச்சதும் அதே கைதாண்ணே.”

அடுத்தது அவள் பார்க்கக்கூட இல்லை. அவளது பின்னலை வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றி, முகத்தைச் சார்ட்டில் கொண்டுபோய் வைத்து அழுத்தினான். மூக்கு பலகையில் இடித்துக் கண்ணில் நீர் முட்டியது. இடது கையில் போனை எடுத்து, எஸ்டேட் குழுவைத் திறந்து, பெருவிரலால் மைக்கை அழுத்திப் பிடித்தான்.

“வாசி.”

“அண்ணே, விடு.”

“வாசிட்டி!”

“பள்ளிக்கூட லயம்,” என்று வாசித்தாள். உதட்டில் உப்புக் கரித்தது. “இரண்டு வீட்டில் ஒன்று.”

“தப்புன்னு சொல்லு.”

ஷீலா கண்ணை ஓரமாகத் திருப்பினாள். ராகேல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல் போட்ட இடத்தில் பஞ்சு மறுபடி சிவந்திருந்தது. தலையை லேசாக ஆட்டினாள். சொல்லிரு மக்ளே, போகட்டும் என்பதுபோல.

“தப்புதான்,” என்றாள் ஷீலா.

“இன்னும் சத்தமா.”

“தப்புதான்! இரண்டில் ஒன்று தப்பு. இரண்டில் இரண்டு! பள்ளிக்கூட லயத்தில் இரண்டு வீட்டுலயும் அடிக்கானுவ. எங்கண்ணன் மைனியை அடிக்கான், சிவதாணு செல்வமணி அக்காவை அடிக்கான். இரண்டில் இரண்டு!”

ஆன்சன் போனை விட்டான். விட்ட கையால் அவள் கன்னத்தில் அறைந்தான். காதுக்குள் கூவென்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. இரண்டாவது அடிக்கு உதடு கிழிந்தது. மூன்றாவதற்கு முன்னால், பைக்கை நிறுத்தப் போயிருந்த அபிலாஷ் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். ஆன்சன் திரும்பாமலே முழங்கையை ஓங்கிப் பின்னால் விட, அபிலாஷ் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளோடு சரிந்தான். பழம்பொரி தரையெல்லாம் சிதறியது.

“ஒன்னைத் தூக்கி வளத்தேனே,” என்றான் ஆன்சன். அழுகிற குரலில்தான் சொன்னான். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அவள் கழுத்தைப் பிடித்துப் பலகையோடு சாய்த்து அழுத்தினான். “தூக்கி வளத்தேனேட்டி!”

ஷீலாவுக்கு மூச்சு நின்றது. அவன் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கை மட்டும் தளரவில்லை. கூரையில் சுற்றுகிற மின்விசிறி மங்கியது. இவன் என்னைக் கொன்றுவிட்டு அழுவான் என்று நினைத்தாள்.

அப்போது மடாரென்று ஒரு சத்தம் கேட்டது.

ராகேல் தன் மாவுக்கட்டை அவன் காதோடு சேர்த்து இறக்கியிருந்தாள். உடைந்த கையாலேயே. வலித்திருக்கும், வலிக்காமல் இருக்குமா, அவளே வீறிட்டுக் கத்தினாள். கத்திக்கொண்டே இன்னொன்று இறக்கினாள். கட்டு விரிசல் விட்டது. ஆன்சன் கையை எடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று புரியாதவன் போல அவளைப் பார்த்தான். பிறகு கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான்.

“அவ மேல கை வச்சே, கொன்னுபோடுவேன்,” என்றாள் ராகேல். “என்னை அடிச்சே, போகட்டும்னு இருந்தேன். அவ நம்ம பிள்ளை.”

அதற்குள் செக்யூரிட்டிக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து அவனை அமுக்கினார்கள். பின்னாலேயே திவ்யலட்சுமி வந்தாள். கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள். போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டாள், அதிகாரிகளைக் கூப்பிட்டு இன்றைக்கு வரவேண்டாம் என்றாள், ஐஸ் எங்கே என்று ஒரு சத்தம் போட்டாள். போலீஸ் ஜீப் வந்து ஆன்சனை ஏற்றிக்கொண்டு போகிறவரை ராகேல் உட்காரவே இல்லை. அவன் திரும்பி ஒருதடவை அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

ஜீப் போன பிறகு கூடத்தில் ஒரு வினோதமான நிம்மதி வந்தது. அபிலாஷ் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, “சேச்சி, அந்த அடி,” என்று கையால் அபிநயம் பிடித்துக் காட்டினான். ராகேல் வீங்கின உதட்டோடு சிரித்தாள். அதைப் பார்த்து ஷீலாவும் சிரித்தாள். கன்னம் எரிந்தது, தொண்டை வலித்தது, ஆனாலும் உள்ளே ஏதோ நிமிர்ந்து நின்றது. சொல்லிவிட்டோம். சரியான நம்பரைச் சொல்லிவிட்டோம்.

அவள் கைப்பைக்குள் போன் நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. பிறகு நிற்கவே இல்லை.

எடுத்துப் பார்த்தாள். எஸ்டேட் குழு. ஆன்சனின் எண்ணிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போயிருந்தது. அதற்குக் கீழே ஆட்கள் வாயில் கைவைத்த படமும் சிரிப்புப் படமுமாக ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

மைக்கிலிருந்து விரலை எடுத்தால் மெசேஜ் போய்விடும். அடிக்கிறதற்காக எடுத்தான், போய்விட்டது.

“டீச்சர்,” என்றாள் ஷீலா. போனை நீட்டினாள்.

திவ்யலட்சுமி வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். எல்லோருக்கும் கேட்டது. இரண்டில் இரண்டு. சிவதாணு செல்வமணி அக்காவை அடிக்கான்.

“அழிச்சிரலாம். அவர் போன் எங்கே?”

அபிலாஷ் நாற்காலிக்கு அடியிலிருந்து ஆன்சனின் போனை எடுத்துக் காட்டினான். லாக் ஆகியிருந்தது. திறக்க அவன் விரல் வேண்டும். விரல் போலீஸ் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தது.

ராகேலின் முகத்தில் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. “மக்ளே,” என்றாள் மெதுவாக, “செல்வமணி இல்லன்னுல்லா சொல்லியிருந்தா. நேத்து அத்தனை பேரு முன்னால சத்தியம் பண்ணிருக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

கேட்கவில்லை. சார்ட் வரையும்போதும் கேட்கவில்லை, போனில் கத்தும்போதும் கேட்கவில்லை. மூடியிருந்த ஒரு பெண்ணைத் திறந்து காட்டியதற்கு ஒரு கை முறிந்தது. அந்த மாவுக்கட்டு காயும் முன்னால், இன்னொருத்தியையும் தன் வாயாலேயே திறந்து காட்டிவிட்டாள். இந்தத் தடவை பெயரோடு.

செல்வமணியின் எண்ணைத் தேடி அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. “வீட்டை விட்டு வெளியே போயிருங்க அக்கா, மேல் லயத்துக்கு ஓடிருங்க,” என்று போன் எடுக்கும் முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எடுத்தார்கள்.

“அக்கா! நான் ஷீலா. வீட்டுல இருக்காதீங்க, ஒடனே—”

“யாரு, ஆன்சன் தங்கச்சியா?”

சிவதாணுவின் குரல். மூச்சு வாங்கியது, இப்போதுதான் ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவர்போல. பின்னால் வேறு சத்தமே இல்லை.

“அண்ணாச்சி, அக்காகிட்ட குடுங்க.”

“அவ பேசமாட்டா.”

“ஏன்? அக்காவுக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல,” என்றார் சிவதாணு. “படியில விழுந்துட்டா.”